எதன் கொழுப்பு? 1857இன் தோட்டாவும் விடை கிடைக்காத ஒரு வினாவும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாகப் பள்ளிப் பாடநூல்கள் ஒரே வரியைத்தான் தருகின்றன: பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாக்களைச் சிப்பாய்கள் பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. இந்த வரியைப் படித்த மாணவர் எவருக்கும் இரண்டு ஐயங்கள் எழுந்திருக்க வேண்டும். தோட்டாவில் கொழுப்பு எதற்கு? அதைக் கடிப்பது ஏன்? பாடநூல் இவற்றுக்கு விடை சொல்வதில்லை. அதனால் அந்தக் கொழுப்பு ஆங்கிலேயரின் வேண்டாத குறும்பாகவோ திட்டமிட்ட அவமதிப்பாகவோ மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது. உண்மையில் அது ஒரு பொறியியல் சிக்கலுக்குக் கண்ட தீர்வு. எதிலிருந்து செய்தது என்ற கேள்வியை யாரும் கேட்காமலேயே மேசைக்கு மேசை நகர்ந்த தீர்வு என்பதுதான் அதன் வரலாறு.

முதலில் பழைய துப்பாக்கி. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தியது உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட மஸ்கெட். பொதுவழக்கில் அதற்குப் ‘பிரவுன் பெஸ்’ என்று பெயர். அதன் தோட்டா ஒரு காகிதச் சுருள். உள்ளே ஓர் ஈயக்குண்டும் ஒருமுறை சுடுவதற்கு அளந்த வெடிமருந்தும் இருக்கும். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டையும் காகிதத்தையும் வாய்வழியாகப் போட்டு, இரும்புக்கோலால் இடித்து இறுக்குவார். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் தோட்டா என்ற நிலையில் கிழிப்பதற்கு எஞ்சியிருந்த கருவி பல் மட்டுமே. கடிப்பதென்பது ஐரோப்பியப் படைகள் அனைத்திலும் பயிற்சியின் ஓர் அங்கமாக இருந்தது. கம்பெனிச் சிப்பாய்களும் அதை எதிர்ப்பின்றிச் செய்துவந்தனர். மஸ்கெட்டின் தோட்டாவில் மசகு எதுவும் இல்லை.

மசகு தேவைப்படாததற்குக் காரணம் இருந்தது. மஸ்கெட்டின் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. தளர்வாக உள்ளே விழும். எனவே எத்தனை முறை சுட்டாலும் விரைவாக நிரப்பலாம். அதே தளர்வினால் குண்டு குழலின் சுவரில் இங்குமங்கும் மோதி வெளியேறும். எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஏறத்தாழ 100 கஜத்துக்கு அப்பால் ஒரு தனிமனிதரைக் குறிவைப்பது வீண்முயற்சி. ஆகவேதான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவது அக்காலப் போர்முறையாயிற்று.

குறி தவறாமல் சுடும் வழி அப்போதே தெரிந்திருந்தது. குழலின் உட்சுவரில் சுருள் பள்ளங்களை வெட்டி, அவற்றைக் கவ்விக்கொண்டு குண்டு சுழன்று வெளியேறச் செய்தால் அது நேராகப் போகும். இதுவே ரைஃபிள். ஆனால் பள்ளங்களைக் கவ்வ வேண்டுமானால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டைக் குழலின் வாய்வழியாக அடித்து இறக்க நேரமும் வலிவும் வேண்டும். குறியை விரும்பினால் வேகத்தை இழக்க வேண்டும். வேகத்தை விரும்பினால் குறியை இழக்க வேண்டும். இந்த இருதலைச் சிக்கலால் ரைஃபிள் நெடுங்காலம் தேர்ந்தெடுத்த சிறு அணிகளின் ஆயுதமாகவே இருந்தது.

1840களின் இறுதியில் பிரெஞ்சுப் படை அதிகாரி குளோட் எத்தியென் மினியே இதற்கு ஒரு வழி கண்டார். கூம்பு வடிவக் குண்டு. அதன் அடிப்பகுதி குடைவாக இருக்கும். நிரப்பும்போது குண்டு குழலைவிடச் சிறியதாயிருப்பதால் எளிதாக இறங்கும். மருந்து வெடிக்கும்போது எழும் அழுத்தம் குடைவான அடியை விரித்துப் பள்ளங்களோடு பொருத்திவிடும். உள்ளே போகையில் தளர்வு, வெளியே வருகையில் இறுக்கம். இந்தக் கோட்பாட்டின்மேல் உருவானதே 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள். அதன் குழல் விட்டம் 0.577 அங்குலம். அதற்கெனப் பிரிட்செட் வடிவமைத்த குண்டின் விட்டம் 0.568 அங்குலம். அதன் குறிக்கருவியில் 900 கஜம் வரை அளவுகள் பொறிக்கப்பட்டிருந்தன.

இரண்டு விட்டங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். அக்கால வெடிமருந்து கருமருந்து. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடக் கசடாக எஞ்சும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தக் கசடு குழலின் சுவரில் படியும். மஸ்கெட்டின் தளர்வான குண்டுக்கு அது பெரிய தடையாவதில்லை. என்ஃபீல்டின் நெருக்கமான குண்டுக்கோ சில சுற்றுகளிலேயே வழி அடைபடும். குண்டோடு ஒரு மசகும் உள்ளே போனால் கசடு இறுகாமல் இளகி நிற்கும். அடுத்த குண்டு அதைத் துடைத்துக்கொண்டு போகும். வறண்ட வெப்பத்தில் கசடு கல்லாக இறுகுமாதலால் இந்தியா போன்ற நாட்டில் மசகின் தேவை இங்கிலாந்தைவிடக் கூடுதல். பழைய கருமருந்துத் துப்பாக்கிகளுக்குத் தாமே தோட்டா செய்து இலக்குப் பயிற்சியில் ஈடுபடும் ஆர்வலர்கள் இன்றும் மசகின் தன்மைக்குத் தனிக்கவனம் கொடுப்பதற்கு இதுவே காரணம். சுருங்கச் சொன்னால், மசகு இல்லையேல் என்ஃபீல்டு இல்லை.

அந்தத் தோட்டாவின் அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. காகிதச் சுருளின் ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. குண்டிருக்கும் முனை மட்டுமே மசகில் தோய்க்கப்பட்டது. கடிக்க வேண்டியது மருந்து முனை. மருந்தைக் கொட்டியபின் தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, மசகு தோய்ந்த முனையைக் குழலில் செருகி, எஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிய வேண்டும். வரைபடத்தின்படி வாயும் மசகும் சந்திப்பதில்லை. ஆனால் கட்டுக்கட்டாக அடுக்கிய தோட்டாக்கள் வெயிலில் கிடக்கும்போது கொழுப்பு உருகும். காகிதம் அதை உறிஞ்சும். மசகு முனையைப் பிடித்த விரல்களே அடுத்த தோட்டாவையும் எடுக்கும். வரைபடம் வெப்பத்தையும் விரல்களையும் கணக்கில் கொள்ளவில்லை.

வெப்பத்தைப் பற்றிய கவலை அதிகாரிகளுக்கு இல்லாமல் இல்லை. 1853இல் மசகு தடவிய தோட்டாக்கள் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. இந்தியத் தட்பவெப்பம் மசகை என்ன செய்கிறது என்பதை அறிவதே நோக்கம். அந்த ஆண்டு டிசம்பரில் வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் டக்கர் ஓர் எச்சரிக்கை எழுதினார். மசகு சாதி உணர்வைப் புண்படுத்தாத பொருளால் ஆனது என்று உறுதியாகத் தெரியும்வரை இத்தோட்டாக்களை இந்தியப் படைப்பிரிவுகளிடம் சோதனைக்குக் கொடுக்கலாகாது. ஐரோப்பியரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதம் இராணுவ வாரியத்துக்குச் சென்றது. அதற்கு மேல் நகரவில்லை. தோட்டாக்கள் சிப்பாய்களின் காவலில் வைத்துச் சோதிக்கப்பட்டு 1855இல் இங்கிலாந்துக்குத் திரும்பின. எவரும் மறுப்புச் சொல்லவில்லை. மசகு எப்படிப்பட்டது என்று அப்போது அவர்களுக்கு எவரும் சொல்லவுமில்லை.

இந்தக் கேள்வி புதியதன்று. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சென்னைப் படையின் சிப்பாய்கள் எழுந்ததற்குப் புதிய தலைப்பாகையும் அதில் செருகிய தோல் குஞ்சமும் காரணங்களுள் அடங்கும். அங்கும் எழுந்த கேள்வி ஏறத்தாழ இதுவே: எதன் தோல்?

இவ்விடத்தில் சொற்களைச் சற்று ஆராய்வது பயன்தரும். ஆவணங்களில் ஆங்கிலேயர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சொல் ‘கிரீஸ்’. அது ஒரு பொருளை அதன் பயனால் சுட்டும் சொல். உராய்வைக் குறைக்கும் எதுவும் கிரீஸ். தமிழில் வண்டியச்சுக்கு இடும் ‘மசகு’ என்னும் சொல்லும் அத்தகையதே. ஆனால் சிப்பாய்களின் இந்துஸ்தானியில் இப்பொருள்கள் மூலத்தால் பிரிந்து நின்றன. விலங்கின் உடலிலிருந்து எடுப்பது ‘சர்பி’. பாலிலிருந்து வருவது ‘கீ’. வித்திலிருந்து வருவது ‘தேல்’. தேனடையிலிருந்து வருவது ‘மோம்’. கொழுப்பு, நெய், எண்ணெய், மெழுகு என்று தமிழ் பிரிப்பதும் இவ்வாறே. இவற்றுள் ஒன்று கோயில் விளக்கில் எரியும். இன்னொன்றைத் தொட்டவர் குளிக்க வேண்டும். கிரீஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியவருக்கு மேற்கொண்டு கேட்க எதுவும் இருக்கவில்லை. அதைத் தன் மொழிக்கு மாற்ற முயன்ற சிப்பாய்க்கோ உடனே ஒரு வினா எழுந்தாக வேண்டும்: சர்பியா, கீயா, தேலா? சர்பி என்றால் எதன் சர்பி?

கல்கத்தாவின் வில்லியம் கோட்டை ஆயுதச் சாலையில் இங்கிலாந்தின் அறிவுறுத்தல்படி கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த மசகைக் கொண்டு தோட்டாக்கள் செய்யப்பட்டன. குண்டின் விட்டம், காகிதத்தின் கனம், மருந்தின் அளவு அனைத்துக்கும் வரையறை உண்டு. பின்னர் விசாரித்தபோது, கொழுப்பு ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்கப்பட்டது என்றும், மறுப்புக்குரிய கொழுப்பு கலவாதிருக்கச் சிறப்பான முன்னெச்சரிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை என்றும் தெரியவந்தது. மசகில் பசுக் கொழுப்பு இருந்தது என்று சொல்வதைவிட, இல்லை என்று எவராலும் சொல்ல முடியவில்லை என்பதே பொருத்தமான கூற்று.

1857 தொடக்கத்தில் புதிய ரைஃபிளைக் கற்பிக்க டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் பயிற்சி நிலையங்கள் இயங்கின. கல்கத்தாவை அடுத்த டம்டம், பின்னாளில் ஒருவகைக் குண்டுக்கே தன் பெயரைத் தந்த ஊர். அங்கிருந்த கேப்டன் ரைட் ஜனவரி 22 அன்று அனுப்பிய அறிக்கையில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஆயுதச் சாலையின் கலாசி ஒருவர் பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய லோட்டாவில் தண்ணீர் கேட்டார். சாதியைச் சொல்லிச் சிப்பாய் மறுத்தார். பசு, பன்றிக் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகும் உமக்கு இனிச் சாதி ஏது என்று கலாசி திருப்பிக் கேட்டார். இந்நிகழ்ச்சி அப்படியே நடந்ததா என்பதில் வரலாற்றாளரிடையே ஐயம் உண்டு. ஆயினும் கதையின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. மசகு எதனால் ஆனது என்று தெரிந்தவர் என இக்கதை காட்டுவது அதிகாரியை அன்று; ஆயுதச் சாலையில் உழைத்த, சாதியடுக்கின் கீழே வைக்கப்பட்ட தொழிலாளியை. அவர் வாயிலிருந்து வந்ததாலேயே அச்செய்திக்கு நம்பகத்தன்மை கிடைத்தது.

அரசு விரைந்தே செயல்பட்டது. ஜனவரி 27 அன்று பயிற்சி நிலையங்களில் மசகற்ற தோட்டாக்களையே வழங்கலாம், சிப்பாய்கள் தாம் விரும்பும் கலவையைத் தாமே தடவிக்கொள்ளலாம் என்று ஆணை பிறந்தது. பாரக்பூரில் இருந்த மேஜர் ஜெனரல் ஹியர்சி இந்துஸ்தானியில் வல்லவர். பிப்ரவரியில் படைகளிடம் அம்மொழியிலேயே பேசி விளக்கமளித்தார். மார்ச் மாதத்தில் பல்லால் கடிப்பதற்குப் பதிலாகக் கையால் கிழிக்கும் பயிற்சிமுறையும் ஏற்கப்பட்டது.

ஐயம் அதற்குள் மசகை விட்டுக் காகிதத்துக்குத் தாவியிருந்தது. புதிய தோட்டாவின் காகிதம் பழையதைவிட விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் பாரக்பூரில் நடந்த விசாரணையில் சிப்பாய்கள் அக்காகிதத்தின்மீது தமக்குள்ள ஐயத்தைத் தெரிவித்தனர். எரித்தால் கொழுப்பிருப்பதுபோல் சீறுகிறது, மணக்கிறது என்றனர். அரசின் வேதியியல் ஆய்வாளர் காகிதத்தைச் சோதித்து, தயாரிப்பில் எண்ணெய்ப்பசை எதுவும் சேர்க்கப்படவில்லை என்று அறிக்கை தந்தார். அறிக்கை சரியானதே. ஆனால் காகிதத்தைக் கொளுத்திப் பார்த்த சிப்பாயும் தன் அளவில் ஒரு சோதனையைத்தான் செய்திருந்தார். அவர் கண்முன் நடந்த சோதனைக்கும் அவர் காணாத இடத்தில் நடந்த சோதனைக்கும் இடையே அவர் முன்னதையே நம்பினார்.

அம்பாலாவில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. மார்ச் மாதத்தில் அங்குப் பயிற்சி பெற்றுவந்த இந்திய அலுவலர் இருவர் தம் சொந்தப் படைப்பிரிவினரைச் சந்திக்கச் சென்றபோது, தோட்டாவைத் தொட்டுக் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள் என்று இகழப்பட்டனர். தோட்டாவில் குற்றமில்லை என்று அவர்கள் தாமே நம்பினாலும் பயனில்லை. ஊரில் உடனுண்ணவும் பெண் கொடுக்கவும் வேண்டியவர்கள் அதை நம்ப வேண்டும். வேதியியல் அறிக்கை அந்த ஊர்களுக்குச் செல்லவில்லை, வதந்தி சென்றது.

பெரிய முரண் இனித்தான். பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19ஆம் படைப்பிரிவினர் தோட்டாக்களுக்கான கேப்புகளை வாங்க மறுத்தனர். அவர்களிடம் இருந்தவை பழைய மஸ்கெட்டுகள். தோட்டாக்களும் மசகற்ற பழைய வகையே. ஆனால் அவற்றில் இருவகைக் காகிதங்கள் காணப்பட்டன. அந்த வேறுபாடே ஐயத்துக்குப் போதுமானதாயிற்று. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார்; ஏப்ரல் 8 அன்று தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் குதிரைப்படையின் 90 வீரர்கள் அணிவகுப்புக்கு அழைக்கப்பட்டனர். கையால் கிழிக்கும் புதிய முறையைக் காட்டி அவர்களின் அச்சத்தைப் போக்குவதாகக் கட்டளை அதிகாரி கார்மைக்கேல் ஸ்மித் கருதினார். 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவையும் நெடுநாளாக வழக்கிலிருந்த பழைய தோட்டாக்களே. மே 9 அன்று அந்த 85 பேரும் படைகளின் கண்முன் விலங்கிடப்பட்டனர். மறுநாள் மாலை மீரட் எழுந்தது. அதற்கு அடுத்த நாள் டெல்லி.

இதனால் தோட்டா ஒன்றே கிளர்ச்சிக்குக் காரணம் என்று முடிவுகட்டுவது தவறு. 1856 பிப்ரவரியில் அவத் இணைக்கப்பட்டது. வங்காளப் படையின் சிப்பாய்களில் பெரும்பகுதியினர் அந்நிலத்தைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டில் வந்த பொதுச் சேவைச் சட்டம், புதிதாகச் சேர்வோர் கடல் கடந்தும் செல்லக் கடமைப்பட்டவர் என்றது. படிக்காசுக் குறைப்பும் பதவி உயர்வின்மையும் நெடுநாள் மனக்குறைகள். இத்தனை குறைகளுக்கும் தனித்தனியே மனு எழுதலாம்; அவற்றைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. தோட்டாவைக் கையில் எடுத்துக் காட்டலாம். கம்பெனி தமக்குள் எதைத் திணிக்கப் பார்க்கிறது என்று பல ஆண்டுகளாக எழுந்த ஐயம், வாயருகே கொண்டுவரப்பட்ட ஒரு காகிதச் சுருளில் உருவம் பெற்றது.

அதன்பின் தொழில்நுட்பம் தன் பாடத்தைக் கற்றது. வெப்பத்தில் மசகு வீணாகி என்ஃபீல்டை நிரப்புவது கடினமானதால், கிளர்ச்சியை ஒட்டிய ஆண்டுகளில் குண்டின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கொழுப்பின் இடத்தைத் தேன்மெழுகு பிடித்தது. அது உருகவும் கெடவும் எளிதில் இடந்தராது. தேன்மெழுகு எவருக்கும் தீட்டுமன்று. 1853இலேயே இந்த மாற்றம் செய்யக்கூடியதாக இருந்தது என்பது வேதனையான உண்மை. 1860களின் பிற்பகுதியில் ஸ்னைடர் ரைஃபிளுடன் பாக்ஸர் தோட்டா வந்தது. மருந்து, குண்டு, மசகு, தீமூட்டும் கேப்பு ஆகிய நான்கும் ஒரு பித்தளைக் கூட்டுக்குள் அடங்கின. மசகு அங்கும் உண்டு. குண்டின் வரிகளில் தேன்மெழுகாக. பின்புறமாகச் செருகும் அத்தோட்டாவைக் கடிக்கவோ கிழிக்கவோ தேவையில்லை.

ஆட்சி கற்ற பாடம் வேறு. கிளர்ச்சிக்குப்பின் இந்தியக் காலாட்படைக்கென்று 1858ஆம் ஆண்டு மாதிரி என்னும் துப்பாக்கி உருவாக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது என்ஃபீல்டேதான். உள்ளே சுருள் பள்ளங்கள் இல்லை. குழல் 0.656 அங்குல விட்டத்துக்கு வழவழப்பாக விரிக்கப்பட்டிருந்தது. தளர்வான குண்டுக்கு மசகின் நெருக்கடி இல்லை. அதன்வழியே குறியும் இல்லை. சிப்பாயின் தோளில் ரைஃபிளின் உருவத்தில் மஸ்கெட் தொங்கியது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு, பிரிட்டிஷ் வீரர் ஒரு புதிய ரைஃபிளைப் பெறும்போது அவர் கைவிட்ட பழையதையே இந்திய வீரர் பெறுவது பொதுவழக்காயிற்று.

1857க்கு முன் சிப்பாய் தம் கையிலிருந்த தோட்டாவை நம்பவில்லை. அதற்குப்பின் அரசு தோட்டாவை வைத்திருந்த கையை நம்பவில்லை. முதல் அவநம்பிக்கை ஒரு கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்திருந்தால் தணிந்திருக்கலாம். இரண்டாவது அவநம்பிக்கைக்கு விடை தேவைப்படவில்லை. அது இரும்பிலேயே கடைந்து வைக்கப்பட்டது. அருங்காட்சியகத்தில் 1853 மாதிரியையும் 1858 மாதிரியையும் அருகருகே காண நேர்பவர் வெளியிலிருந்து வேறுபாடு காண்பது அரிது. குழலின் வாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.